ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாகக் கேட்ட காது

ஓசூரில் ஒருவருக்குக் காது மந்தமானால், அது காது மந்தம்தான் என்று தெரியவே ரொம்ப நாளாகும். அந்த ஊரின் பேச்சு அப்படி. வீட்டுக்குள் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், ஷிஃப்ட்டில் வடநாட்டுப் பையன்களிடம் அரைகுறை இந்தி. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. ஒருவர் இரண்டு தரம் “என்ன, என்ன?” என்று கேட்டால், ‘பாவம், பாஷை புரியலை’ என்று எதிரில் நிற்பவரே இன்னொரு மொழியில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுவார். கேட்டவருக்கும் அது வசதி.

மூக்கண்டபள்ளிப் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தில் நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. கணவருக்கு 41 வயது. பதினேழு வருஷமாக பிரஸ் ஷாப் வேலை. தகட்டை அச்சில் வைத்தால் பிரஸ் இறங்கி அடிக்கும், தகடு வடிவமாகி விழும், அடுத்த தகடு. மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். ஏழு வயதில் ஒரு மகள். கூடவே கெலமங்கலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார்.

டி.வி சத்தம் ஏறிக்கொண்டே போனதை அந்த மனைவி கவனித்தார். ‘ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற மனுஷன், போகட்டும்’ என்று விட்டுவிட்டார். மகள் பேசுவது அப்பாவுக்குச் சரியாக விழவில்லை. ‘இவள் வாயை மெல்லுறா, தெளிவாப் பேசச் சொல்லு’ என்று பழி குழந்தை மேல் போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே மனிதர் தெருவில் போகும் பஞ்சுமிட்டாய் மணிக்குத் திரும்பிப் பார்ப்பார். செவ்வாய், புதனுக்கெல்லாம் மறுபடி “என்ன?” தொடங்கிவிடும். மனசு வைத்தால் கேட்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று மனைவிக்குக் கோபம்கூட வந்தது.

விஷயம் உடைந்தது ஒரு தெர்மாமீட்டரால். மார்கழிக் குளிரில் மகளுக்குச் சளி, காய்ச்சல், வலது காதில் வலி. அப்பா டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் குழந்தையின் கக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்த மனைவிக்கு அந்தக் ‘கீக் கீக்’ கேட்டது. “பாருங்க, எவ்வளவு காட்டுது?” என்றார். “இன்னும் அடிக்கவே இல்லையே” என்றார் கையில் பிடித்திருந்தவர்.

அன்றைக்கு யாருக்கும் அதை யோசிக்க நேரமில்லை. ராத்திரி குழந்தை கதறியது. மாமியார் தேங்காய் எண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ரெண்டு சொட்டு விட்டார். விடியற்காலை தலையணையில் மஞ்சளாகக் கறை. காதிலிருந்து சீழ். வலி மட்டும் சட்டென்று குறைந்துவிட்டது. “பாத்தியா கண்ணு, எண்ணெய் வேலை செஞ்சிருச்சு” என்றார் மாமியார்.

எண்ணெய் எதையும் செய்யவில்லை. நடுக்காதில் தேங்கிய சீழின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்து வழி விட்டது. அழுத்தம் குறைந்ததால் வலி குறைந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பூண்டெண்ணெய்க்குக் கிடைத்திருக்கும் நல்ல பெயரில் பாதி இப்படிச் செவிப்பறை கிழிந்ததால் வந்ததாகத்தான் இருக்கும். பாட்டிகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் ஓட்டை விழுந்த காதில் விடும் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போகிறது. அதனால் விடக்கூடாது.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். கொட்டாவி விட்டால், எச்சில் விழுங்கினால் காதில் ‘டப்’ என்று கேட்பது அது திறக்கும் சத்தம்தான். பெரியவர்களுக்கு அது நீளமாக, சாய்வாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் இருக்கும். அதனால் சளி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடுகிறது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் குழாயின் வாயே அடைத்துப்போகும். கைக்குழந்தையைப் படுக்கவைத்தே புட்டிப்பால் கொடுப்பது, வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை, விறகுப் புகை எல்லாம் இதைக் கூட்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிரை எல்லோரும் புகழ்வார்கள். அந்தக் குளிரில் சளி விடாமல் பிடிக்கும் குழந்தைகளின் அம்மாக்கள் மட்டும் அந்தப் புகழ்ச்சியில் சேர்ந்துகொள்வதில்லை.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒரு பெண்மணி. குழந்தையின் காதைப் பஞ்சால் ஒற்றிச் சுத்தம் செய்து, கருவியால் உள்ளே பார்த்தார். செவிப்பறையின் நடுப்பகுதியில் சின்ன ஓட்டை. ஓட்டை எந்த இடத்தில் என்பது முக்கியம். நடுவில் இருந்தால், பெரும்பாலும் மருந்தில் காயும். சின்னக் கிழிசல் பல நேரம் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாமல் அடிக்கடி சீழ் வந்துகொண்டிருந்தால், காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டி ஓட்டையை அடைக்கும் அறுவைசிகிச்சை உண்டு. டிம்பனோபிளாஸ்டி என்று பெயர்.

பயப்பட வேண்டியது வேறு வகைக்கு. செவிப்பறையின் மேல்பகுதியிலோ ஓரத்திலோ குழிந்து, தோல் உள்பக்கமாக வளர்ந்து பை போலச் சேரும். கொலஸ்டியடோமா என்று பெயர். இது புற்றுநோய் அல்ல. ஆனால் பக்கத்திலிருக்கும் எலும்பைக் கரையான் போல அரித்துக்கொண்டே போகும். இதில் சீழ் நிறைய வராது; கொஞ்சமாக, ஆனால் அழுகின நாற்றத்தோடு வரும். வலியும் இருக்காது. அதனால்தான் வருஷக்கணக்கில் பஞ்சை வைத்துச் சமாளித்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். அது அரித்துப்போகும் வழியில் முகநரம்பு இருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். உடம்பின் சமநிலையைப் பார்க்கும் உள்காது இருக்கிறது, தலைசுற்றல் வரும். கூரைக்கு மேல் மூளை. மூளைக்காய்ச்சலோ, மூளைக்குள் சீழ்க்கட்டியோ வரலாம். இதற்குச் சொட்டுமருந்து போதாது, மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவைசிகிச்சைதான். காதில் சீழ் இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, தலைசுற்றல், வாய்க்கோணல், காதுக்குப் பின்னால் வீக்கம் என்று எது வந்தாலும் காலையில் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் இதற்கெல்லாம் சேலத்துக்கோ பெங்களூருக்கோதான் ஓட வேண்டும். இப்போது போலுப்பள்ளியில் 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மகளுக்குச் சொட்டுமருந்து எழுதிக்கொடுத்தார் மருத்துவர். அதோடு ஒரு எச்சரிக்கை: வீட்டில் கிடக்கும் பழைய காது மருந்தை ஓட்டை விழுந்த காதில் விடாதீர்கள். சில வகை ஆன்டிபயாடிக் சொட்டுகள் உள்காது நரம்பையே கெடுக்கும். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு. ஆறு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும்.

எழுந்து கிளம்பும்போதுதான் மருத்துவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க எங்கே வேலை பாக்குறீங்க?”

அந்தச் சின்ன அறையில் அவர் பேசிய சத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது. அடைப்பாலோ செவிப்பறை ஓட்டையாலோ காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். தங்கள் குரல் தங்களுக்கே உள்ளே பெரிதாகக் கேட்கும். நரம்பு கெட்டவர்கள் கத்திப் பேசுவார்கள். தங்கள் குரலே தங்களுக்குச் சரியாக விழாது. இது எல்லோருக்கும் பொருந்துகிற விதி இல்லை, மருத்துவர்கள் கண்டுவைத்திருக்கும் ஒரு அடையாளம். அவர் பேசுகிறவர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததும் இன்னொரு அடையாளம்.

“பிரஸ் ஷாப், மேடம்.”

“வேலை முடிஞ்சு வந்தா காது அடைச்ச மாதிரி இருக்குமா? ராத்திரி உள்ளே வண்டு கத்துமா?”

மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். ராத்திரி வண்டு கத்துவதை அவர் வீட்டில் சொன்னதே இல்லை.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியா இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் பிறக்கும்போதே ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள். சத்தத்தை மின் சமிக்ஞையாக்கி நரம்புக்குக் கொடுப்பது அவைதான். பலத்த சத்தம் இவற்றை நெற்பயிர் மேல் காற்றடித்தாற்போலச் சாய்க்கும். ஓய்வு கிடைத்தால் நிமிரும். அதுதான் ஞாயிற்றுக்கிழமை கேட்ட மணியின் ரகசியம். ஆனால் தினமும் அடித்தால் ஒரு கட்டத்தில் நிமிராது, செத்துவிடும். மனிதர்களுக்குச் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. மாத்திரையும் இல்லை, அறுவைசிகிச்சையும் இல்லை.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகள். தெர்மாமீட்டரின் ‘கீக்’ அந்த எல்லைக்குள்தான் வருகிறது. குழந்தைக் குரலும், ‘ச’, ‘த’, ‘ப’ மாதிரி எழுத்துகளின் கூர்மையும் மங்கும். அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. பத்தா சத்தா, கட்டையா சட்டையா என்று ஊகிக்க வேண்டும். தாய்மொழியில் ஊகித்துவிடலாம். கன்னடத்தில் சூப்பர்வைசர் சொல்வதையும் இந்தியில் பக்கத்துப் பையன் சொல்வதையும் ஊகிக்க முடியாது. இந்த எல்லை ஊரில் பாஷைப் பிரச்சினை என்ற பெயரில் காதுப் பிரச்சினை இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது.

மருத்துவர் ஆடியோமெட்ரிக்கு எழுதிக்கொடுத்தார். “திங்கட்கிழமை காலையில, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க” என்றார். ஷிஃப்ட் முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து காட்டும். பதினாலு, பதினாறு மணி நேரமாவது அமைதிக்குப் பிறகு எடுத்தால்தான் நிரந்தரமாகப் போனது எவ்வளவு என்று தெரியும்.

அவர் போகவில்லை. ஒரு திங்கள் அல்ல, மூன்று திங்கள்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. பதினேழு வருஷத்தில் ஒப்பந்ததாரர் பெயர் ஐந்து முறை மாறியிருக்கிறது. ‘காது போச்சு’ என்று ஒரு காகிதம் கையில் இருந்தால், அடுத்த புதுப்பிப்பில் பெயர் இருக்குமா? பேக்கிங்குக்கு மாற்றினால் ஓவர்டைம் போய்விடுமே. மகளுக்கு ஃபீஸ், வீட்டுக்கு வாடகை. மனைவிக்கு முதலில் கோபம், அப்புறம் அதே பயம். ஆரோக்கியக் குறிப்புகள் எழுதுகிறவர்கள் ‘உடனே பரிசோதனை செய்யுங்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாதச் செலவே நிற்கிறது.

இது புதிய நோயும் இல்லை. 1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கப்பல் கொதிகலன்களில் ஆணியடிக்கும் நூறு தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான கேள்வி இருக்கவில்லை. ஓசூரில் சிப்காட் வந்தது 1970களில். அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று பெயர்கள் வந்தன. உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியும் அறுப்பு மில்களும். பாறை துளைக்கும் கருவி, கல் அறுக்கும் பிளேடு, கிரைண்டர் எல்லாம் காதுக்கு ஒன்றுதான்.

இந்தியத் தொழிற்சாலை விதிகளின் கணக்கு இது: 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். 95 என்றால் நாலு மணி, 100 என்றால் இரண்டே மணி. 115-க்கு மேல் காதுக் கவசம் இல்லாமல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு 85-ஐத் தாண்டாதே என்கிறது. கருவி இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கிறது என்றால், அந்த இடம் காதுக்கு ஆகாது.

சத்தத்தால் வரும் காது மந்தம், 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் உண்டு. இ.எஸ்.ஐ திட்டத்திலும் இது தொழில்சார் நோய். அதாவது கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை, நிரூபித்தால் இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. ஒப்பந்ததாரர் மாறினாலும் இ.எஸ்.ஐ எண் ஒன்றே தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் புது எண் போட்டால் வேலை செய்த வருஷங்கள் துண்டு துண்டாகிவிடும். இதை அந்த மனைவிக்குச் சொன்னவர் அவரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஒரு தொழிற்சங்கக்காரரின் மனைவி. பிளவுஸ் அளவெடுக்கும் நேரத்தில் கிடைத்த சட்ட ஆலோசனை!

அன்று ராத்திரி அவர் பழைய சம்பளச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் வருஷ வாரியாக அடுக்கி வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் கணவர் நாலாவது திங்கட்கிழமை போனார்.

ஆடியோகிராம் தாளில் இரண்டு காதுக்கும் கோடு ஒழுங்காகப் போய், 4,000-த்தில் குழியாக இறங்கி, 8,000-த்தில் கொஞ்சம் ஏறியது. சத்தத்தின் கையெழுத்து என்று சொல்லப்படும் குழி அது. வயதால் வரும் மந்தத்தில் கோடு இறங்கிக்கொண்டே போகும், திரும்ப ஏறாது.

காதில் அடைப்பான் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது யோசிக்க வேண்டிய பதில்: “அச்சு சரியா உக்காந்திருக்கான்னு காதுதான் மேடம் சொல்லும். அடைச்சுக்கிட்டா விரல் போயிடும்னு பயம்.” மருத்துவர் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. நல்ல அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் குறைக்கும், மெஷின் சத்தத்தின் மாற்றம் சில நாள் பழக்கத்தில் மறுபடி பிடிபடும் என்றார். விரலைக் காப்பது காதின் வேலை இல்லை, பிரஸ்ஸில் இருக்க வேண்டிய பாதுகாப்பு ஏற்பாட்டின் வேலை என்றும் சொன்னார்.

அதுவரை அவர் வைத்துக்கொண்டிருந்தது வெறும் பஞ்சு. அது தடுப்பது சொற்பம். ஃபோம் அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடிக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு உருட்டக்கூடாது. வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் காதுக் குழாயில் பூஞ்சை பிடிக்கும், அரிப்பு தாங்காது. அரிப்புக்குச் சாவி, ஊக்கு, தீக்குச்சி, ஹேர்பின் என்று எது கையில் கிடைக்கிறதோ அது உள்ளே போகும். காது மருத்துவர்களின் அன்றாட நோயாளிகளில் ஒரு பெரிய கூட்டம் இவர்கள்தான். காதுக் குரும்பி அழுக்கல்ல, காதின் காவல். மெல்லும்போது தாடை அசைவில் தானாக வெளியே நகரும். பட்ஸ் போட்டால் அது உள்ளேதான் தள்ளப்படும்.

இன்னும் ஒன்று. சாயங்காலம் நன்றாக இருந்த காது காலையில் எழுந்தால் ஒரு பக்கம் சுத்தமாகக் கேட்கவில்லை என்றால், சளி அடைப்பு என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது நரம்பு சம்பந்தமானதாக இருந்தால் முதல் சில நாட்களில் கொடுக்கும் ஸ்டீராய்டுக்குத்தான் பலன் அதிகம்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது மகளின் காதில் ஓட்டை மூடியிருந்தது. அப்பாவை இப்போது டை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். எளிதாகக் கிடைக்கவில்லை; சங்கத்து ஆள் இரண்டு முறை உடன் போக வேண்டியிருந்தது. ஓவர்டைம் குறைந்துவிட்டது. மனைவி கூடுதலாகப் பள்ளிச் சீருடை ஆர்டர் எடுக்கிறார். இ.எஸ்.ஐ-க்குக் கொடுத்த விண்ணப்பம் மருத்துவ வாரியத்துக்கு இன்னும் போகவில்லை. கவர் மட்டும் தடிமனாகிக்கொண்டு வருகிறது. காது கேட்கும் கருவிக்கு அளவு எடுத்தாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அவருக்கு முன்னால் வந்து, முகம் பார்த்துப் பேசப் பழகியிருக்கிறார்கள். மாமியார் மட்டும் அடுப்படியிலிருந்தே கூப்பிடுவார், பிறகு “அட, மறந்துட்டேன்” என்று எழுந்து வருவார்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் அந்தக் குழி இன்னும் ஆழமாகவில்லை. இரண்டு தாள்களையும் சட்டைப்பையில் மடித்து ஷிஃப்ட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். கேன்டீனில் அதை வாங்கிப் பார்த்த ஒடிசாப் பையனுக்கு 23 வயது. தனக்கும் ராத்திரியில் வண்டு கத்துகிறது என்று இந்தியில் சொன்னான். இவருக்கு அது முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.